காற்றுக்கு வைத்த ஃபுட்வால்வு

ஒரே என்ஜினில் இரண்டு சூட்டுப் பிளக்கும் இரண்டு குளிர்ச்சிப் பிளக்கும் போட்டவன் என்று எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் என்னைக் காட்டிப் பேசுகிறவர்கள் உண்டு. காட்டட்டும். அவர்களில் ஒருவர்கூடப் பழைய பெட்ரோல் வண்டியில் போடிமெட்டு மலை ஏறினவர் இல்லை. எங்கள் ஊர் வடகரப்பதியில் உட்கார்ந்துகொண்டு மலைக்கு எது நல்லது என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். எழுபதுகளின் நடுவில் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், நானே ஏற வேண்டிய நாள் வருகிறவரைக்கும்.

அந்தப் பிக்கப் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலை ஏலத்தில் விட்டது. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் இருபது மூட்டை போடலாம். பெட்ரோல் விலை ஏறி, பெட்ரோல் வண்டி வைத்திருந்தவர்கள் எல்லாம் அதை யார் தலையிலாவது கட்டப் பார்த்த காலம் அது. எல்லோரும் விற்கிறபோது வாங்குகிறவன்தான் புத்திசாலி என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். யார் சொன்னது என்று இப்போது ஞாபகம் இல்லை. ஆள் கிடைத்தால் இரண்டு வார்த்தை கேட்க வேண்டும்.

வண்டி வாங்கக் காளைகளை விற்றேன். இதை மெதுவாகச் சொல்லலாம் என்று பார்த்தேன், ஆனால் எப்படிச் சொன்னாலும் அது அவ்வளவுதான். இரண்டும் மயிலைக் காளைகள். என் மாமனார் கல்யாணத்துக்குக் கொடுத்தவை. அவற்றுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டி வைப்பதும் கழுத்தைத் தடவிவிடுவதும் என் மனைவிதான். அவள் குரல் கேட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பும். நான் கூப்பிட்டால் காதைக்கூட அசைக்காது. பொள்ளாச்சிச் சந்தைக்கு நான் அவற்றை ஓட்டிக்கொண்டு போன அன்று அவள் ஒரு சீமந்தத்துக்குப் போயிருந்தாள். சாயங்காலம் வந்தபோது கட்டுத்தரையில் காளைகள் இல்லை, வாசலில் பிக்கப் நின்றது.

"காளைங்க எங்கீங்க?" என்றாள்.

நான் பானெட்டைத் தட்டிக் காட்டினேன். "இதுக்குள்ள முப்பது ஜோடி காளை இருக்குது புள்ள."

பகல் முழுக்க யோசித்து வைத்திருந்த பேச்சு. அவள் பானெட்டைத் தூக்கச் சொன்னாள். தூக்கினேன். உள்ளே குனிந்து, நிதானமாக, இந்தப் பக்கம் ஒரு தடவை அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

"ஒண்ணையுங் காணமுங்களே," என்றாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவளுடைய அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவர் போடிமெட்டைத் தாண்டிச் சாந்தன்பாறைக்குப் பக்கத்தில் ஏலக்காய்த் தோட்டம் குத்தகைக்கு எடுத்து அங்கேயே வீடு கட்டிக்கொண்டவர். கோபம் தணிந்து பத்து நாளில் வந்துவிடுவாள் என்று நினைத்தேன். பத்து நாளில் போஸ்ட் கார்டுதான் வந்தது.

அதில் இருந்தது இது: "நான் பஸ்ஸில் வந்தேன். பஸ்ஸில் திரும்பி வருவதாக இல்லை. என் காளைகளைக் கொடுத்து வாங்கின வண்டி இந்த மேட்டுக்கு வந்து என்னை ஏற்றிக்கொண்டு போகட்டும். வராவிட்டால் அண்ணன் வீட்டில் எனக்குச் சோறு இருக்கிறது. பொழுது சாய்ந்ததும் கோழிக்கூண்டைச் சாத்தவும்." ஓரத்தில் மச்சான் தன் கையெழுத்தில் சேர்த்திருந்தார்: "மாப்பிள்ளைக்கு. டீசல் ஜீப்பே இங்கே முக்கித்தான் ஏறுகிறது. யோசித்து வரவும்."

போஸ்ட் கார்டு என்றால் அது ஊருக்கே எழுதினது. தபால்காரர் அதை என் கையில் கொடுப்பதற்குள் வழியில் மூன்று பேருக்குப் படித்துக் காட்டியிருந்தார். டீக்கடையில் நான் நுழைந்ததும் ஒருவர், "கூண்டு சாத்தியாச்சுங்களா?" என்று கேட்டார். வண்டி மலை ஏறாவிட்டால் பெண்டாட்டி இல்லை, ஊருக்குள் தலைகாட்டவும் முடியாது. எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கே கிளம்பினேன். ஊரைத் தாண்டி ஆற்றுப் பாலத்து மேட்டிலேயே வண்டி இருமி இருமி நின்றுவிட்டது. சுமை ஏதும் இல்லை. நான் ஒருவன்தான் இருந்தேன், அப்போது ஒல்லியாக வேறு இருந்தேன்.

வண்டியை எனக்கு ஏலத்தில் எடுத்துக் கொடுத்த ஃபிட்டர் கஞ்சிக்கோட்டில் இருந்தார். மலையாளி, நல்ல மனிதர், குறைவாகப் பேசுவார். ஒரு பிளக்கைக் கழற்றி என்னிடம் நீட்டினார். பிளக்கின் மூக்கைப் பார்த்தால் என்ஜினின் வயிறு தெரியும் என்று அன்றைக்குத்தான் கற்றேன். வெளுத்திருந்தால் அதிகச் சூடு. கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. வறுத்த நிலக்கடலையின் தோல் நிறத்தில் இருந்தால் என்ஜின் சுகமாக இருக்கிறது. என்னுடையது அடுப்புக்கரி போல இருந்தது.

"ஸ்வாசம்முட்டாணு சேட்டா," என்றார் அவர். மூச்சுத்திணறல் என்று அர்த்தம். "புதிய பிளக்கு இடணும். ஏர் கிளீனர் கழுவணும். அத்ர மதி."

அது போதும் என்று சொல்லிவிட்டார். போதும் என்று யாராவது சொன்னால் அதற்கு மேல் ஒன்று செய்து பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. இது என் அப்பாவிடமிருந்து வந்த வியாதி, அவர் ஒரு கிணறு போதும் என்ற இடத்தில் மூன்று வெட்டினவர்.

முதலில் பிளக். கோயம்புத்தூரில் உதிரிபாகம் விற்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் வண்டி விவரம் கேட்டுக்கொண்டு, "சூடு போடறதுங்களா, குளிர்ச்சி போடறதுங்களா?" என்றார்.

பிளக்கில் அப்படி ஒன்று உண்டு என்பதே எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லும் பழக்கமும் எனக்கு இல்லை. "ரெண்டையும் எடுங்க, பாக்கலாம்," என்றேன்.

இரண்டையும் கண்ணாடி மேல் வைத்தார். வெளியே ஒரே மாதிரி இருந்தன. உள்ளே இருக்கும் வெள்ளைப் பீங்கான் மூக்கு ஒன்றில் நீளம், மற்றதில் குட்டை. "நீள மூக்குச் சூடுங்க. சூட்டத் தனக்குள்ளயே வெச்சுக்கும், கரி அண்டாது. குட்ட மூக்கு குளிர்ச்சி. சூட்ட வெளிய தள்ளிப்போடும். மேடு ஏறற வண்டிக்கு, பாரம் இழுக்கற வண்டிக்கு அதத்தான் போடுவாங்க. உங்க வண்டி எப்படிங்க?"

"மேடு ஏறோணும். கரியும் புடிக்குது."

"அப்ப நீங்கதான் யோசிச்சு ஒண்ணச் சொல்லோணும்."

யோசித்தேன். கடையில் மற்றவர்கள் வந்து வாங்கிக்கொண்டு போகிற அளவுக்கு நேரம் எடுத்து யோசித்தேன். மேடு ஏறினால் உடம்பு சூடாகும், அதற்குக் குளிர்ச்சி வேண்டும். ஆனால் ஏறுகிற ஊர் குளிர்ப் பிரதேசம், அதற்குச் சூடு வேண்டும். எங்கள் வீட்டில் ஒரே நாளில் சுக்குக் காப்பியும் குடிப்போம், இளநீரும் குடிப்போம். அதனால் யாரும் செத்துப்போனதில்லை. ஆக இதில் சண்டை எதற்கு?

"அதுல ரெண்டு, இதுல ரெண்டு," என்றேன்.

கடைக்காரர் நான்கையும் காகிதத்தில் சுற்றினார். "நானும் இத்தன வருசமாக் கடை வெச்சிருக்கறேன். இந்த மாதிரி ஆரும் வாங்குனதில்லீங்க," என்றார். நான் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது மூச்சு. இதற்கு நான் யாரையும் கேட்கவில்லை, ஏனென்றால் இது எனக்குத் தெரிந்த விஷயம். எங்கள் பக்கத்தில் கிணற்று மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை என்றால் யாரும் மோட்டாரைத் திட்டமாட்டார்கள். உறிஞ்சுகிற குழாயைத்தான் பார்ப்பார்கள். உறிஞ்சுகிற குழாய் தள்ளுகிற குழாயைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். இது பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். வண்டியின் காற்றுக் குழாயைப் பார்த்தேன். கை நுழையாத அளவுக்குச் சின்னது. அதன் தலையில் எண்ணெய் ஊற்றின பழைய ஏர் கிளீனர், வெற்றிலைப் பெட்டி மாதிரி. இத்தனை சின்ன மூக்கை வைத்துக்கொண்டு எந்த ஜீவன் மலை ஏறும்?

நிலக்கடலை பிடுங்கி முடிந்திருந்தது. காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டியதில்லை. கிணற்றுக்குள் இறங்கி, உள்ளே கம்பிச் சுருள் வைத்த அந்தக் கனமான ரப்பர் குழாயை, அடியில் இருந்த ஃபுட்வால்வோடு சேர்த்துக் கழற்றிக்கொண்டு வந்தேன். கிணறு இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஃபுட்வால்வு என்பது குழாயின் அடிக்கால். கீழே சல்லடை, அதற்கு மேலே பித்தளையில் ஒரு மூடி. மோட்டார் உறிஞ்சும்போது மூடி எழும்பித் தண்ணீரை மேலே விடும். மோட்டார் நின்றால் மூடி விழுந்து, ஏறின தண்ணீர் திரும்பிக் கிணற்றுக்குள் போகாமல் பிடித்துக்கொள்ளும்.

காற்றுக் குழாய்க்கு அது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அன்றைக்கு என்னை யாரும் கேட்கவில்லை. சல்லடை இருந்தால் வண்டு நுழையாது என்று ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் வேறு. அடியில் ஃபுட்வால்வு இல்லாத உறிஞ்சு குழாயை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததே கிடையாது. அது இல்லாமல் குழாய் மாட்டுவது அரைஞாண் இல்லாமல் ஆண்பிள்ளை திரிகிற மாதிரி எனக்குத் தோன்றியது.

கொழிஞ்சாம்பாறையில் ஒரு வெல்டிங் பட்டறையில் கொடுத்து ஏர் கிளீனரை எடுத்துவிட்டு, குழாயை என்ஜினில் பொருத்தி, பானெட்டின் பக்கவாட்டில் ஓட்டை போட்டு வெளியே இழுத்து, கூரைக்கு மேலே கொண்டுபோய்க் குடைக்கம்பு மாதிரி வளைத்துக் கீழ்நோக்கி விட்டோம். மழை உள்ளே போகக்கூடாது அல்லவா? வளைவின் நுனியில் ஃபுட்வால்வு தொங்கியது. வெல்டிங்காரர் எல்லாம் முடிந்த பிறகு தள்ளி நின்று பார்த்தார்.

"கெணறு எங்கீங்க இருக்குது?" என்றார்.

வண்டி நின்ற இடத்தில் ஓடும்போது கூரையிலிருந்து டப், டப், டப் என்று ஒரு சத்தம் வரும். கேட்டவர்கள் உள்ளே யாராவது உரல் இடிக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார்கள். எனக்கு அது ஆரோக்கியமான இதயத் துடிப்பாகத்தான் கேட்டது. ரோட்டில் விரட்டினால் சத்தம் நின்றுவிடும், வண்டி பறக்கும். உண்மையாகவே பறந்தது. வேலந்தாவளம் வரைக்கும் இரண்டு பஸ்களை முந்தினேன். அன்று ராத்திரி கோழிக்கூண்டைச் சாத்தும்போது கோழிகளிடமே சொன்னேன், அம்மா வந்துவிடுவாள் என்று.

புரட்டாசியில் ஒரு விடியற்காலை கிளம்பினேன். பொள்ளாச்சி, உடுமலை, பழனி. பழனியில் வண்டியை ஓரம் கட்டி, கீழேயிருந்தே ஒரு கும்பிடு போட்டேன். "கோவிச்சுக்கிட்டு மலை ஏறுனவன் நீ. உனக்குச் சொல்ல வேண்டியதில்ல. எங்கூட்டுக்காரியும் அதே மாதிரி ஏறிப்போட்டா. எறக்கிக் குடு," என்றேன். அன்றைக்குப் போடியில் தங்கிவிட்டு மறுநாள் காலையில் மலையைத் தொட்டேன்.

முதல் வளைவு ஏறினேன். இரண்டாவது ஏறினேன். மூன்றாவதில் வேகம் குறைந்தது, கூரையில் டப் டப் கேட்க ஆரம்பித்தது, வண்டி இருமியது, நின்றது. சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு பிளக்குகளைக் கழற்றினேன். நான்கும் கரி. சூடு, குளிர்ச்சி என்ற வித்தியாசமே இல்லாமல் சமமான கரி. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, முனைகளுக்கு நடுவே இடைவெளி சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு அளவு தகடு என்று ஒன்று விற்பார்கள். என்னிடம் இருந்தது போஸ்ட் கார்டு. மூன்றாக மடித்தால் இடைவெளிக்குச் சரியான கனம் வரும் என்று வீட்டிலேயே கண்டுபிடித்து, அந்தக் கார்டைச் சாமான் பையிலேயே போட்டு வைத்திருந்தேன்.

அந்த மலையில் பதினேழு கொண்டை ஊசி வளைவு. பாதிக்கு மேற்பட்டதில் நின்றேன். ஒவ்வொரு தடவையும் கழற்று, தேய், கார்டை மடித்து நுழைத்துப் பார், மாட்டு. நடுவில் ஒரு டீக்கடை இருந்தது. கடைக்காரர் என் பிளக் நான்கையும் வாங்கிக் கொதிக்கிற கெட்டிலுக்குப் பக்கத்தில் கங்கின் மேல் வரிசையாக வைத்துக் கரியை எரித்துக் கொடுத்தார். அங்கே நின்ற பஸ்ஸிலிருந்து இறங்கின ஆட்கள், என்ன பலகாரம் என்று கேட்டார்கள்.

நான் பிளக்கைத் திட்டினேன். கோயம்புத்தூர்க் கடைக்காரரைத் திட்டினேன். நான்கும் சூடாக எடுத்திருக்க வேண்டும், இல்லை நான்கும் குளிர்ச்சியாக எடுத்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு வளைவிலும் முடிவை மாற்றினேன். குழாயை மட்டும் நான் சந்தேகப்படவே இல்லை. சொந்த யோசனையை யார் சந்தேகப்படுவார்கள்?

எப்படியோ மலையுச்சியில் மெட்டைத் தொட்டேன். பூப்பாறைக்கு இறக்கம், அதில் ராஜா மாதிரி போனேன். சாந்தன்பாறையில் விசாரித்து, மச்சானின் தோட்டத்துக்குப் பிரிகிற மண் பாதைக்கு வந்தபோது மத்தியானம் தாண்டியிருந்தது. அந்தப் பாதை முக்கால் மைல் இருக்கும். மெயின் ரோட்டிலிருந்து நேராக வானத்துக்குப் போகிற மாதிரி ஏறியது. மேலே, மர இடுக்கில், பனிமூட்ட மஞ்சுக்குள் வீட்டின் தகரக் கூரை தெரிந்தது. மூன்று தடவை முயன்றேன். மூன்று தடவையும் தென்னை மர நீளம்கூட ஏறவில்லை. டப், டப், இருமல், மௌனம்.

அப்போது எனக்கு அழுகை வந்தது. வந்தது என்று எழுதுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. இருநூறு மைல் வந்துவிட்டு, கூரை தெரிகிற தூரத்தில், நடந்து போய், "வண்டி கீழே நிக்குது" என்று அவளிடம் சொல்வதை நினைத்துப் பார்த்தேன். அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். பானெட்டுக்குள் பார்த்த மாதிரி என்னைப் பார்ப்பாள். என் காளைகள் இந்த மேட்டை ஏறியிருக்கும் என்று அவள் சொல்லாமலே எனக்குக் கேட்கும்.

ஏலக்காய் எடுத்துவிட்டு வந்த பெண்கள் நாலைந்து பேர் பாதை ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேனிப் பக்கத்துப் பேச்சு. அதில் ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

"அண்ணே, அது நேரா ஏறாதுண்ணே. எங்க எஸ்டேட்டு ஜீப்பே மழைக்காலத்துல குண்டியக் காட்டிக்கிட்டுத்தான் ஏறும்."

மற்றவர்கள் முகத்தை முந்தானையில் மூடிக்கொண்டு சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கையால் திருப்பிக் காட்டினாள். "ரிவர்சுல விடுங்க. அந்தக் கியருக்குத்தான் இழுவ ஜாஸ்தின்னு எங்க டிரைவரு சொல்லுவாரு."

மானம் போகிறதென்றால் இன்னும் போக என்ன இருக்கிறது என்று நினைத்து, ரோட்டுக்கு இறங்கி வண்டியைத் திருப்பினேன். முதுகை மேட்டுக்குக் காட்டி, ரிவர்ஸ் போட்டு, ஜன்னலுக்கு வெளியே கழுத்தை நீட்டிப் பின்னால் பார்த்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். என்ஜின் ஊளையிட்டது. டப் டப் நின்றுவிட்டது. வண்டி ஏறியது. நத்தை வேகம்தான், ஆனால் நிற்காமல் ஏறியது. பெண்கள் கூடையோடு கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்து, போரடித்துப்போய் என்னை முந்திப் போய்விட்டார்கள்.

பாதி தூரம் போயிருப்பேன். மேலேயிருந்து ஒரு பெண் ஓடி வருவது தெரிந்தது. செருப்பில்லாமல், சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கல்லிலும் வேரிலும் கால் வைத்து ஓடி வந்தாள். வீட்டில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். கிட்டே வந்ததும்தான் அது என் மனைவி என்று தெரிந்தது.

"ஏனுங்க! நில்லுங்க! போகாதீங்க!"

நான் பிரேக்கை மிதித்தேன். அவள் வண்டியின் பின்பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"எங்க போறேன்? மேலதான் வந்துட்டிருக்கறேன்," என்றேன்.

அவள் பின்பலகையைப் பார்த்தாள். அந்தப் பக்கம் நடந்து போய் பானெட்டைப் பார்த்தாள். திரும்பி வந்து என்னைப் பார்த்தாள். "அப்பறம் எதுக்குங்க மூஞ்சிய அக்கட்டால வெச்சிருக்கறீங்க? மஞ்சுக்குள்ள வண்டி மூஞ்சி கீழ பாத்துத் தெரியுது. வாசல் வரைக்கும் வந்துபோட்டு, கோவிச்சுக்கிட்டுத் திரும்பிப் போறீங்கன்னு நெனச்சு..."

அவ்வளவு சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது. சேலையை இறக்கிவிட்டாள். முகத்தையும் சரிசெய்துகொண்டாள்.

"நா ஒண்ணும் ஓடி வல்லீங்க. எறக்கம். கால் நிக்குல," என்றாள்.

என் வாழ்க்கையில் சரியான நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தது அந்த ஒரு தடவைதான். அவளை ஏற்றிக்கொண்டு, இரண்டு பேரும் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தபடி வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். மச்சான் வெளியே வந்து, முதலில் வந்து நின்ற பின்பக்கத்துக்கு, "வாங்க மாப்பிள்ளை," என்றார்.

வண்டி நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. டப், டப், டப். என் மனைவி சத்தம் வரும் திசையில் கூரையைப் பார்த்தாள். பின்பலகையில் கால் வைத்து ஏறி, கிட்டே போய்ப் பார்த்தாள்.

"இது நம்ம கெணத்து ஃபுட்வால்வுங்களே."

"ஆமா."

"தண்ணி திரும்பிக் கெணத்துக்குள்ள உளுந்தரக்கூடாதுன்னு இத வெக்கறோம். காத்து திரும்பி எங்கீங்க உளுகும்?"

அவள் கீழே கிடந்த குச்சி ஒன்றை மச்சானிடம் எடுத்துத் தரச்சொல்லி, சல்லடைத் துளைக்குள் விட்டுப் பித்தளை மூடியை மேலே தூக்கிப் பிடித்தாள். டப் டப் நின்றது. என்ஜின் ஒரு பெருமூச்சு விட்டு, நான் அதுவரைக்கும் கேட்டிராத மாதிரி சீராக ஓடியது. குச்சியை எடுத்தாள், இருமியது. விட்டாள், ஓடியது. என்ஜின் வேகமாகச் சுற்றினால்தான் அந்தக் கனமான மூடி முழுக்க எழும்பும். மெதுவாகச் சுற்றினால் பாதி மூடிக்கொண்டு மூச்சைப் பிடிக்கும். வேலந்தாவளத்தில் பறந்ததும், வளைவுகளில் செத்ததும், ரிவர்ஸில் பிழைத்ததும் எல்லாம் அந்த மூடியின் வேலை. மலை முழுக்க நான் என் கையாலேயே அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, ஏறு ஏறு என்று பிளக்கைத் திட்டியிருக்கிறேன்.

மச்சான் சிரித்துச் சிரித்து மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு எந்த விசேஷத்தில் என்னைப் பார்த்தாலும் முதலில் சிரித்துவிட்டுத்தான் சௌக்கியம் கேட்பார். என் மனைவி சிரிக்கவில்லை. சாமான் பையில் கையைவிட்டு ஸ்பேனரைத் தேடி எடுத்து, அவளே ஃபுட்வால்வைக் கழற்றினாள். குழாய் வாயில் ஒரு துணியைச் சல்லடை போலக் கட்டினாள். "காளைய வித்தது வித்ததுதானுங்க. அத நா மறக்கப் போறதில்ல," என்றாள் போகிறபோக்கில். சரி என்றேன்.

மறுநாள் காலை கிளம்பினோம். அவள் ஃபுட்வால்வைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பூப்பாறையிலிருந்து மெட்டு ஏற்றத்தில் வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. மேலே வந்ததும் நானாகவே நிறுத்தினேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொன்றாகப் பிளக்கைக் கழற்றினேன். நான்கும் வறுத்த நிலக்கடலைத் தோல் நிறம். சூடும் அதே நிறம், குளிர்ச்சியும் அதே நிறம். கோயம்புத்தூர்க் கடைக்காரருக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் போல இருந்தது. மூன்றாவதில் மட்டும் முனை கொஞ்சம் நெருங்கியிருந்தது. பையில் கார்டைத் தேடினேன். இல்லை.

"இதுங்களா?" என்றாள். சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து எடுத்தாள். ஸ்பேனர் தேடும்போது அகப்பட்டிருக்கிறது. மடித்த இடமெல்லாம் நைந்து, எழுத்து பாதி கரிக்குள் போயிருந்தது. அவள் குரல் முந்தின நாள் மாதிரி இல்லை. "இப்படி நைஞ்சு போயிருக்குதே. இத்தன தடவையா எடுத்து எடுத்துப் படிச்சீங்க?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. ஆனால் கையில் பிளக்கை வைத்துக்கொண்டு எனக்குப் பொய் வரவில்லை. "பிளக்குல எடவெளி பாக்கறதுக்கு. மூணா மடிச்சாச் சரியா இருக்கும்," என்றேன்.

அவள் கார்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெட்டில் காற்று பலமாக அடித்தது. "அப்பப் படிக்கவே இல்லீங்களா?" என்றாள்.

நான் சொன்னேன், அவளைப் பார்க்காமல் என்ஜினைப் பார்த்துக்கொண்டு: "நான் பஸ்ஸில் வந்தேன். பஸ்ஸில் திரும்பி வருவதாக இல்லை. என் காளைகளைக் கொடுத்து வாங்கின வண்டி இந்த மேட்டுக்கு வந்து என்னை ஏற்றிக்கொண்டு போகட்டும். வராவிட்டால் அண்ணன் வீட்டில் எனக்குச் சோறு இருக்கிறது. பொழுது சாய்ந்ததும் கோழிக்கூண்டைச் சாத்தவும்." ஒரு எழுத்து பிசகவில்லை.

அவள் என் கையிலிருந்த பிளக்கை வாங்கினாள். கார்டைப் பழைய மடிப்பிலேயே மூன்றாக மடித்து, முனைகளுக்கு நடுவில் நுழைத்துப் பார்த்தாள். "இறுக்கமா இருக்குதுங்க. கொஞ்சம் விரிச்சு உடுங்க," என்று திருப்பிக் கொடுத்தாள். விரித்து மாட்டினேன். கார்டை மறுபடி தலைப்பில் முடிந்துகொண்டாள்.

"கூண்டு சாத்துனீங்களா?"

"தெனமும் சாத்துனேன்."

"நீங்க கெளம்பி மூணாவது நாள் ஆச்சுங்களே. இப்ப ஆரு சாத்தறாங்க?"

நான் ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தேன். இனி இறக்கம்தான். இறக்கத்துக்கு எந்தப் பிளக்காக இருந்தாலும் போதும்.